வெள்ளைப் புலிக்கு ஒரு துண்டுக் கொழுப்பு

ஏப்ரல் 9, செவ்வாய்

இல்லை, குரல் காரணமல்ல. குரல் இருக்கிறது. உயரமும் போதும்: தடித்த அடி வைத்த பூட்ஸைப் போட்டுக்கொண்டால் தளபதி வேஷம் கட்டும் ஃபுங் அண்ணனைவிட இரண்டு விரல்தான் குறைவு. காரணம் வேறு. அதை எங்கள் சீன ஓபராக் குழு முதலாளி மோக் மாமா இன்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

"பொண்ணு உறுமறதக் கேக்க எவன் படகு ஏறி வருவான்?"

பத்துப் பேர் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேனோ? நினைவில்லை. சிரித்திருந்தால் அது எனக்கு அவமானம்.

ஒத்திகை அறைச் சுவரில் புது ரோஸ் தாள், வேஷப் பட்டியல். ஷெக் நிங், அதாவது நான்: தோழி, இரண்டாம் தோழி, சிப்பாய். மூன்று வருடம் உறுமும் வர்ணமுக வேஷம் பயின்றவளுக்கு விசிறி பிடிக்கும் வேலை. எங்கள் குழுவில் இளவரசனாக வருவது ஒரு பெண்தான். அவளுக்குப் பூங்கொத்து வருகிறது, கிழவிகள் சூப் வைத்துக் கொடுக்கிறார்கள். அழகான ஆணாக ஒரு பெண் வரலாம். முகம் முழுக்கக் கருப்பும் சிவப்பும் அப்பிய, தாடி வைத்த, அசிங்கமான ஆணாக வரக்கூடாது.

இதை ஆய்வேட்டில் எழுதியிருந்தால் முதல் வகுப்பு கிடைத்திருக்கும். மோக் மாமா ஆய்வேடு படிப்பதில்லை. குழு அவருடையது, தாள் அவருடையது.


ஏப்ரல் 10

கோபம் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று யார் சொன்னது?


ஏப்ரல் 14, ஞாயிறு

காலையில் குளியலறைக் கண்ணாடி முன் முழு முகமும் எழுதினேன். கருப்பு, பிறகு புருவத்தின் வெள்ளை, நெற்றியில் தங்கம். ஒரு மணி நேரம் பத்து நிமிடம். போன மாதத்தைவிடக் குறைவு.

அம்மா கூப்பிட்டாள். வீடியோவில். மறந்துபோய் எடுத்துவிட்டேன்.

"ஐயோ" என்றாள். பிறகு, "சாப்டியா?"

"சாப்டேன்."

"கஞ்சியா?"

"கஞ்சிதான்."

"இந்த மூஞ்சிக்கா நாலு வருஷம் யூனிவர்சிட்டி ஃபீஸ் கட்டினோம்" என்றாள். கோபமாக இல்லை. விசாரிப்பதுபோல. பதில் எனக்கும் தெரியாததால் உறுமிக் காட்டினேன். போனை வைத்துவிட்டாள்.


ஏப்ரல் 19, வெள்ளி

தீவுக்காரர்களிடமிருந்து செய்தி. கடலம்மன் திருவிழாவுக்கு வழக்கமாகக் கொட்டகை போடும் இடத்தில் குழாய் வேலை நடக்கிறதாம். இந்த வருடம் பள்ளிக்கூடத்துப் பந்துத் திடலில் மூங்கில் ஏற்றுகிறார்கள்.

புது மண். ஆகவே அதற்குக் கொழுப்பு போட வேண்டும்.

அது என்று எழுதுகிறேன். குழுவில் யாரும் அதன் பெயரைச் சொல்வதில்லை. வெள்ளைப் புலி. எழுதிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

நாடகம் நடக்காத மண்ணில் பசியோடு ஒரு புலி படுத்திருக்கும் என்பது கணக்கு. முதல் ஆட்டத்துக்கு முன் கருமுகத் தளபதி மேடைக்கு வந்து, அதற்குப் பச்சைப் பன்றிக்கொழுப்பை எறிந்து, சவுக்கோடு சண்டை போட்டு, வாயில் சங்கிலி கட்டி, அதன் முதுகில் ஏறிப் பின்பக்கமாகவே உள்ளே போக வேண்டும். ஊதுபத்தி கொளுத்தியதிலிருந்து தளபதி முகம் கழுவும்வரை கொட்டகையில் ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. முக்கியமாக, பெயர் சொல்லக்கூடாது. அந்த நேரத்தில் யார் பெயர் வெளியே வருகிறதோ அவரைப் புலி பார்த்துக்கொள்ளும்.

தளபதி, ஃபுங் அண்ணன். புலி, லுக். வழக்கம்போல.

"பொம்பளைங்க எல்லாம் அன்னிக்குப் படகுத்துறைப் பக்கம் போயிடுங்க. டீ குடிங்க" என்றார் மோக் மாமா.

"டீக்கு யார் காசு?" என்று கேட்டாள் உடைப்பெட்டி பார்க்கும் சாய் அக்கா.

"அம்மன் குடுப்பா."


ஏப்ரல் 23, செவ்வாய். தீவு

கடல் தெரியவில்லை. நான்கு நாளாகப் பனிமூட்டமாம். கொட்டகை மட்டும் பனிக்குள் நிற்கிறது, ஆணி ஒன்றுகூட இல்லாமல், மூங்கிலும் கட்டும் மட்டுமாக. பின்பக்க ஏணிப்படி ஈரத்தில் வழுக்குகிறது. எல்லாப் பெட்டிகளும் ஏறிவிட்டன.

இரண்டு வருடமாக மொட்டைமாடியில் லுக்கோடு அந்தச் சண்டையைப் பழகுகிறேன் என்பது மோக் மாமாவுக்குத் தெரியாது. உடற்பயிற்சி என்று நினைக்கிறார். லுக்கிடம் இன்று கேட்டேன், ஒருநாளாவது என்னை விடுவார்களா என்று.

"ஃபுங் அண்ணன் செத்தா" என்றான். பிறகு யோசித்து, "செத்தாலும் விடமாட்டாங்க. அவரு ஆவியக் கூப்பிடுவாங்க."


ஏப்ரல் 24, புதன்

வரிசையாக எழுத வேண்டும். சவுக்கின் கனம் இன்னும் கையில் இருக்கிறது.

காலை. ஃபுங் அண்ணன் பல்வலி என்று முதல் படகில் நகரத்துக்குப் போனார். பதினொன்றுக்குத் திரும்புவதாக ஏற்பாடு.

பன்னிரண்டு. படகு வந்துவிடும் என்று ஊதுபத்தி கொளுத்தினார்கள். மௌனம் தொடங்கியது. பஞ்சாங்கப்படி நல்ல நேரம் ஒன்றிலிருந்து மூன்றுவரை. அதை விட்டால் நாளை மறுநாள்தான். அதுவரை மேடையில் ஒரு வார்த்தை பாட முடியாது.

பன்னிரண்டரை. பெண்கள் நாங்கள் படகுத்துறையில். டீ. போனில் குழுவின் செய்திப்பெட்டி அதிர்ந்தது.

ஃபுங் அண்ணன்: படகு நிறுத்திட்டாங்க. பனி. கரையில நிக்கிறேன்.

மோக் மாமா: நீந்தி வா.

அதன்பிறகு கொட்டகைக்குள்ளிருந்து வரிசையாகச் செய்திகள். வாயால் பேசக்கூடாது என்றுதான் விதி, விரலால் பேசுவதைப் பற்றி முன்னோர் ஒன்றும் சொல்லிவைக்கவில்லை. மோக் மாமா ஒவ்வொரு ஆணாகக் கேட்டார். லுக்குக்குப் புலி மட்டும்தான் தெரியும். இன்னொருவனுக்கு முதுகுவலி. இன்னொருவன், எனக்கு ரெண்டு குழந்தை இருக்கு என்று எழுதினான்.

நான் ஒன்றும் எழுதவில்லை. எழுதியிருந்தால் வேண்டாம் என்று பதில் வந்திருக்கும். கேட்காத கேள்விக்குத்தான் யாராலும் இல்லை என்று சொல்ல முடியாது.

டீயை வைத்துவிட்டு எழுந்தேன். சாய் அக்கா என்னைப் பார்த்தாள். அவளும் எழுந்தாள். வழிநெடுக ஒன்றும் கேட்கவில்லை. கொட்டகைக்குப் பத்தடி முன்னால் நின்று மெதுவாகச் சொன்னாள்:

"உள்ள போனா என்னால திட்ட முடியாது. அதனால இப்பவே திட்டிடறேன். அறிவுகெட்டவளே."

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. வா."

போனை மூன்றாவது உடைப்பெட்டிக்குள் போட்டேன். முகம் எழுத ஐம்பது நிமிடம். இதுவரை அவ்வளவு வேகமாக எழுதியதில்லை. கருப்புக் கவசத்தை சாய் அக்கா கட்டினாள். இடுப்புக் கயிற்றை வேண்டியதைவிட இரண்டு மடங்கு இறுக்கினாள். பாக்கியிருந்த திட்டு அதில் இருந்தது.

புலித்தோலுக்குள்ளிருந்து லுக் என்னைப் பார்த்தான். ஒரு பாதத்தைக் கழுத்தின் குறுக்கே இழுத்துக் காட்டினான். பிறகு தோல் குலுங்கியது. சிரிக்கிறான்.

இரண்டு முப்பத்தைந்து. மேடையின் ஓரத்தில் மோக் மாமா பஞ்சாங்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பூட்ஸ் சத்தம் கேட்டுத் திரும்பினார். ஃபுங் அண்ணன் வந்துவிட்டார் என்று முகம் மலர்ந்தது. பிறகு உயரத்தை அளந்தார். இரண்டு விரல்.

"ஆ-நிங்!"

கத்திவிட்டார். என் பெயரை. கொட்டகை முழுக்கக் கேட்கும்படி.

கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்படியொரு முகத்தை அவரிடம் நான் பார்த்ததில்லை. யாரும் அசையவில்லை. பனிக்குள் எங்கோ ஒரு கப்பல் ஊதியது.

இப்போது எல்லாம் லோ அண்ணன் கையில். அவர் பறையில் கோல் விழுந்தால் ஆட்டம். விழாவிட்டால் நான் கவசம் போட்ட ஒரு கோமாளி. லோ அண்ணன் மோக் மாமாவைப் பார்க்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. என் பாதத்தைப் பார்த்தார். சரியான இடத்தில் நிற்கிறேனா என்று.

நின்றிருந்தேன்.

அடித்தார்.

மற்றதை எழுத வரவில்லை. கொழுப்பை எறிந்தேன். அது கவ்வியது. சவுக்கு, சுழற்சி, பாய்ச்சல், சங்கிலி. முதுகில் ஏறிப் பின்பக்கமாக உள்ளே வந்தேன். சண்டையில் எந்த இடத்திலும் நான் பெண் என்று எனக்கு நினைவு வரவில்லை. ஆண் என்றும் வரவில்லை.

தொட்டித் தண்ணீரில் முகம் கழுவினேன். தண்ணீர் கருத்தது. இனிப் பேசலாம். ஆனால் முதல் வார்த்தையை யார் பேசுவது? இருபது பேர் நின்றோம்.

"யாராவது டீ போடுங்களேன்" என்றாள் சாய் அக்கா.


ஏப்ரல் 25, வியாழன்

மோக் மாமா என்னோடு பேசவில்லை. இரண்டாம் தோழியாக விசிறி பிடித்தேன்.

ஃபுங் அண்ணன் நேற்று மாலைப் படகில் வீங்கிய கன்னத்தோடு வந்து சேர்ந்தார். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன்.

"என் சவுக்க யாரு தொட்டது?"

"நான்தான் அண்ணா."

"கொழுப்ப எப்படிப் போட்ட? கிட்டப் போயா, தூரத்துலேந்தா?"

"கிட்டப் போய்."

கொஞ்ச நேரம் கன்னத்தைத் தடவினார். "நான் தூரத்துலேந்துதான் எறிவேன்" என்றார். "பதினாறு வருஷமா."


ஏப்ரல் 26, வெள்ளி

விழுந்துவிட்டேன்.

மதியம், பின்பக்க ஏணிப்படி. ரப்பர் செருப்பு, ஈர மூங்கில், கையில் போன். அம்மாவுக்குப் பதில் எழுதிக்கொண்டே இறங்கினேன். நான்கு படி. இடது கணுக்கால் பப்பாளிபோல வீங்கிவிட்டது.

ஐந்து நிமிடத்தில் கொட்டகை முழுக்கத் தெரிந்துவிட்டது. யாரும் அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் பார்த்தார்கள். புதன்கிழமை அவர் பேர் சொன்னார், வெள்ளிக்கிழமை இவள் விழுந்தாள். இரண்டு நாள்தான் பிடித்தது அதற்கு.

நாலு படி கீழே கிடந்தபோது என் மனதில் முதலில் வந்தது என்ன? உண்மையை எழுது. வலி இல்லை. செருப்பு இல்லை.

அதுதான் வந்தது.

அரை நொடி. பிறகு போய்விட்டது. ஆனால் வந்தது.


ஏப்ரல் 27, சனி. அம்மன் பிறந்தநாள்

ஊர் முழுக்கப் பட்டாசுத் தாள், வறுத்த பன்றி, கொடி கட்டிய படகுகள். நான் உடைப்பெட்டி மேல் கால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மோக் மாமா வந்தார். கையில் பழுப்புத் தைலப் புட்டி. மூன்று நாளாகத் தூங்காத கண்.

"சூடு பறக்கத் தேய்ச்சுக்கோ."

"சரி மாமா."

போகவில்லை. நின்றார்.

"முப்பத்திரண்டு வருஷம். ஒரு தடவ வாய் தவறினதில்ல" என்றார். "உன் பேரச் சொல்லிட்டேன்."

புட்டியை வாங்கி மூடியைத் திறந்தேன்.

"அடுத்த ஊர்லேந்து தளபதி வேஷம் உனக்கு. தாள்ல எழுதிட்டேன். ஃபுங்கிட்டயும் பேசிட்டேன், அவனுக்கும் முட்டி தேஞ்சுபோச்சு." கொஞ்சம் நிறுத்தி, "கணக்கு நேராயிடும்" என்றார்.

கணக்கு நேராகிவிடும். எனக்கில்லை. அதற்கு.

மூன்று வருடமாக வேண்டியது கையில் வந்து விழுந்திருக்கிறது. தைலப் புட்டியோடு. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். செருப்பைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லப்போவதில்லை. அவர் நம்புவதை நான் ஏன் திருத்த வேண்டும்? அவர் என்னைப் பார்த்துச் சிரித்தபோது யாராவது அவரைத் திருத்தினார்களா?

லுக்கிடம் சொன்னேன்.

"வாங்கிக்கோ" என்றான். "புலி குடுத்தா என்ன, மோக் குடுத்தா என்ன. நான்தானே ரெண்டு பக்கமும் உதைபடறேன்."


ஏப்ரல் 28, ஞாயிறு

தூங்கி எழுந்ததும் தெரிந்துவிட்டது. வாங்கினால் ஒவ்வொரு ஊரிலும் அந்த முகத்தை நான் எழுதும்போது, கண்ணாடியில் அவர் பயம்தான் தெரியும். கருப்புக்கு அடியில்.

மூங்கில் கம்பை ஊன்றிக்கொண்டு போனேன். அவர் கொட்டகை ஓரம் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"மோக் மாமா, நான் விழுந்ததுக்குக் காரணம் ரப்பர் செருப்பு."

"ம்."

"படி ஈரம். கையில போன். அம்மாவுக்கு எழுதிட்டே இறங்கினேன்."

"அது உனக்குத் தெரிஞ்ச காரணம்."

"அது மட்டும்தான் காரணம். நீங்க கூப்பிட்டதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

கஞ்சிக் கிண்ணத்தை வைத்தார். நிம்மதியா, எரிச்சலா, இரண்டும் கலந்தா, சொல்ல முடியவில்லை.

"அப்படின்னா எழுதினத அடிக்கணும்."

"அடிங்க."

"என்னடி வெளையாடறியா? கேட்டுக் கேட்டு உயிர எடுத்தது நீ."

"வேஷத்தக் கேட்டேன். பரிகாரத்தக் கேக்கல." குரல் ஏறிவிட்டது. ஏறட்டும். "என்னைப் பாத்துட்டுக் குடுங்க. இல்ல, பாத்துட்டு இல்லைன்னு சொல்லுங்க. மூணு வருஷத்துல ஒரு தடவகூட நீங்க நான் ஆடறதப் பாத்ததில்ல."

"பாத்தேனே."

"எப்ப?"

"புதன்கிழமை."

கம்பைச் சாய்த்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"வாயப் பொத்திட்டு நின்னேன். கண்ணப் பொத்தல." கரண்டியால் கிண்ணத்தைச் சுரண்டினார். "இடது கை தாமதம். சங்கிலி போடறப்ப தாளத்துக்கு அரை அடி பின்னால வருது. லோ உனக்காகக் காத்திருந்தான். அவன் பெத்த அப்பனுக்கே காத்திருக்க மாட்டான்."

"மத்தது?"

"மத்தது என்ன மத்தது. இடது கை தாமதம்னேன்."

சட்டைப் பையிலிருந்து ரோஸ் தாளை எடுத்தார். பேனாவை எடுத்தார். தளபதி என்பதற்கு நேரே இருந்த என் பெயரை, என் கண் முன்னால், மெதுவாக இரண்டு கோடு போட்டு அடித்தார். மேலே எழுதினார்: ஃபுங்.

மீதிக் கஞ்சியைக் குடித்தார்.

திரும்பி நொண்டிக்கொண்டே வந்தேன். ஏன் சந்தோஷமாக இருக்கிறேன் என்று சாய் அக்கா கேட்டாள். வேஷம் போய்விட்டது என்றேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலா என்று.

அரை அடி. என் இடது கை அரை அடி தாமதம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.


மே 3, வெள்ளி

வீக்கம் வற்றிவிட்டது. காலையிலிருந்து மொட்டைமாடியில் இடது கை. இடது கை மட்டும். லுக் புலியாகக் கிடந்து கிடந்து, முட்டி சிராய்த்து, "என் உடம்பு தேயறதுக்குள்ள கத்துக்கோ" என்றான்.

பத்து மணிக்கு லோ அண்ணன் ஏறி வந்தார். இந்த மாடிக்கு அவர் வந்ததே இல்லை. சிகரெட் பற்றவைத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்தார். முட்டியில் விரலால் தாளம் போட்டார். நாங்கள் ஆடினோம்.

"அரை அடி இல்ல. கால் அடி" என்றார். "மோக் எல்லாத்தையும் பெருசாச் சொல்லுவான்."

சிகரெட் முடியும்வரை இருந்தார். இறங்கும்போது திரும்பாமலே, "நான் காத்திருக்கல. நீ வந்துட்ட" என்றார்.


மே 7

கால் அடியும் இல்லை இப்போது. நானே சொல்கிறேன். நான் சொன்னால் போதாதா? போதாது. ஆனால் சொல்கிறேன்.


மே 10, வெள்ளி

வேறு ஊர், வேறு கோயில், வேறு திடல். இதுவும் புது மண். போன வருடம்வரை கார் நிறுத்தும் இடமாம்.

பேசக்கூடாத நேரம் என்பதால் எழுதுகிறேன். பன்னிரண்டரைக்கு ஊதுபத்தி கொளுத்தினார்கள். பெண்களைப் படகுத்துறைக்குப் போகச் சொல்ல இங்கே படகுத்துறை இல்லை. டீக்கடைக்குப் போகச் சொல்வார் என்று காத்திருந்தோம். மோக் மாமா சொல்லவில்லை. மறந்தாரா?

பனி இல்லை. ஃபுங் அண்ணன் சரியான நேரத்துக்கு வந்துவிட்டார். பல்லும் சரியாகிவிட்டது. ஆப்பிள் தின்றுகொண்டிருந்தார், சத்தமில்லாமல்.

சற்று முன் மோக் மாமா உள்ளே வந்தார். கையில் செய்தித்தாள் பொட்டலம். பன்றிக்கொழுப்பு கசிந்து தாள் கண்ணாடியாகியிருந்தது. ஒவ்வொருவராகக் கடந்தார். ஃபுங் அண்ணன் முன் ஒரு கணம் நின்றார். ஃபுங் அண்ணன் ஆப்பிளிலிருந்து கண் எடுக்காமல் காலை மடக்கி வழிவிட்டார்.

என் முன் நின்றார். பொட்டலத்தை நீட்டினார். பிறகு தன் இடது கையை உயர்த்தி, சங்கிலி போடுவதுபோல ஒருமுறை வீசிக் காட்டினார். வேகமாக. உதடுகளை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

வாங்கிக்கொண்டேன். கண்ணாடி முன் உட்கார்ந்து கருப்புச் சாயத்தைக் குழைத்தேன்.